60 செ.மீ. இடைவெளி, 60 கிலோ பாரம்: ஐஸ் குச்சிப் பாலம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

ஐஸ் குச்சிப் பாலம் உடையும்போது பெரும்பாலும் குச்சி உடைவதில்லை. ஒட்டு பிரிகிறது, அல்லது அமுக்கத்தில் இருக்கும் குச்சி பக்கவாட்டில் நெளிகிறது. மரம் தன் முழு பலத்தைக் காட்டுவதற்கு முன்பே பாலம் தரையில் கிடக்கும். அதனால்தான் 400 குச்சிகளை அடுக்கிக் கட்டிய பாலம் தோற்றுப்போக, 200 குச்சியில் கணக்குப் போட்டுக் கட்டியது நின்றுவிடுகிறது.

பொறியியல் கல்லூரிப் போட்டிகளில் அடிக்கடி கேட்கப்படும் மாதிரியான ஒரு பாலத்தை இங்கே எடுத்துக்கொள்வோம். இரண்டு மேசைகளுக்கு இடையே 600 மி.மீ. இடைவெளி. பாரம் நடுவில் மட்டும் தொங்கும். சாதாரண ஐஸ் குச்சியும் வெள்ளைப் பசையும் மட்டுமே பொருள்கள். பாலத்தின் எடை 300 கிராமை ஒட்டி இருக்க வேண்டும், 60 கிலோவைத் தாங்க வேண்டும். அதாவது தன் எடையைப்போல 200 மடங்கு. கேட்க மலைப்பாக இருந்தாலும் கணக்கு போட்டால் எட்டக்கூடியதுதான்.

குச்சியின் நீளம்தான் வடிவத்தைத் தீர்மானிக்கிறது

கடையில் கிடைக்கும் சாதாரண குச்சி 114 மி.மீ. நீளம், 10 மி.மீ. அகலம், 2 மி.மீ. கனம் கொண்டது. எடை ஏறக்குறைய 1.3 கிராம். பெரும்பாலும் பிர்ச் மரம். இரண்டு முனையும் அரைவட்டமாக இருக்கும். வரைபடத்தில் கை வைப்பதற்கு முன் இந்த 114 என்ற எண்ணை மனதில் நிறுத்திக்கொள்ள வேண்டும்.

பலரும் முதலில் வரைவது சதுரக் கட்டங்களும் ஒவ்வொன்றிலும் ஒரு மூலைவிட்டமும் கொண்ட ப்ராட் ட்ரஸ் (ட்ரஸ் என்பது குச்சிகளை முக்கோணங்களாக இணைத்த சட்டகம்). கட்டம் 100, உயரம் 100 என்று வைத்தால் மூலைவிட்டம் 141 மி.மீ. வருகிறது. குச்சி எட்டாது. இரண்டு குச்சியை ஒட்டி நீட்டினால் ஒவ்வொரு மூலைவிட்டத்துக்கும் இரட்டைச் செலவு, கூடவே தேவையில்லாத ஓர் ஒட்டு. சரி, ஒரே குச்சியில் முடிய வேண்டும் என்று கட்டத்தை 75, உயரத்தை 66 என்று குறைத்தால் மூலைவிட்டம் 100 ஆகிவிடும். ஆனால் உயரம் குறையக் குறைய மேலும் கீழும் ஓடும் நீளச் சட்டங்களில் விசை ஏறும். இந்த உயரத்தில் மேல்சட்டத்தின் நடுவில் ஒரு பக்கத்துக்கு 68 கிலோ அமுக்கம் விழுகிறது.

சமபக்க முக்கோணங்களை வரிசையாக நிறுத்தினால் இந்தத் தொல்லையே இல்லை. ஜேம்ஸ் வாரனும் வில்லோபி மொன்சானியும் 1848இல் காப்புரிமை பெற்ற வடிவம் இது. எல்லா உறுப்பும் ஒரே நீளம். மூட்டுக்கு மூட்டு 100 மி.மீ. வைத்தால் 114 மி.மீ. குச்சி இரு முனையிலும் 7 மி.மீ. நீட்டிக்கொண்டு அப்படியே பொருந்தும், சாய்குச்சிகளில் கத்தியே வைக்க வேண்டாம். உயரம் 86.6 மி.மீ. கிடைக்கிறது. கீழே ஆறு கட்டம், ஏழு மூட்டு. மேலே ஐந்து கட்டம், ஆறு மூட்டு. இடையில் 12 சாய்குச்சி இடங்கள். இந்த ஆய்வுக்கு இதுவே பாலம்.

எந்தக் குச்சியில் எவ்வளவு

பாலத்துக்கு இரண்டு பக்கம், இரண்டு ட்ரஸ். 60 கிலோவில் ஆளுக்கு 30. ஒரு ட்ரஸ்ஸின் இரண்டு முனையும் ஆளுக்கு 15 கிலோவை மேசைக்குக் கொடுக்கின்றன. பாரம் நடு மூட்டில் மட்டும் இருப்பதால், முனையிலிருந்து நடுவரை ஒவ்வொரு சாய்குச்சியும் அதே 15 கிலோவைக் கடத்தியாக வேண்டும். 60 பாகை சாய்வுக்காக 15ஐ 0.866ஆல் வகுத்தால் 17.3 கிலோ. முனைச் சாய்குச்சியில் அமுக்கம், அடுத்ததில் இழுப்பு, அதற்கடுத்ததில் அமுக்கம் என்று மாறி மாறி வரும். ஆறு இடத்தில் அமுக்கம், ஆறு இடத்தில் இழுப்பு.

நீளச் சட்டங்களில் நடுவில்தான் விசை அதிகம். மேல்சட்டத்தின் நடுக் கட்டத்தில் 15 × 300 ÷ 86.6, அதாவது 52 கிலோ அமுக்கம். அதற்கு இருபுறமும் 34.6, ஓரத்தில் 17.3. கீழ்சட்டத்தில் எல்லாம் இழுப்பு: நடுவை ஒட்டிய கட்டங்களில் 43.3, அடுத்து 26, முனையில் வெறும் 8.7.

இழுப்பைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். குச்சியின் குறுக்குவெட்டு 20 சதுர மி.மீ. சதுர மி.மீ.க்கு 4 கிலோ என்று பயந்து பயந்து கணக்கிட்டாலும் ஒற்றைக் குச்சி 80 கிலோ இழுப்பைத் தாங்கும். அமுக்கம்தான் ஆள்விழுங்கி. இரண்டு விரலுக்கு நடுவில் ஒரு குச்சியை நிறுத்தி மெல்ல அமுக்கிப் பாருங்கள். உடையாது, வில்லாக வளைந்து ஒதுங்கும். அந்த நெளிவு எவ்வளவு எடையில் தொடங்கும் என்பதற்கு ஆய்லர் சூத்திரம் இருக்கிறது. மரத்தின் விறைப்பைச் சதுர மி.மீ.க்கு 1,000 கிலோ என்று வைத்துக்கொண்டால், 100 மி.மீ. நீள ஒற்றைக் குச்சி 6.6 கிலோவிலேயே நெளிந்துவிடும். நமக்குத் தேவை 17.3உம் 52உம்.

இங்கேதான் ஒட்டின் மகிமை. இரண்டு குச்சியை முகத்தோடு முகம் முழுசாக ஒட்டினால் கனம் 4 மி.மீ. ஆகிறது. நெளிவு எதிர்ப்பு கனத்தின் மூன்றாம் அடுக்கில் ஏறுவதால் 6.6 கிலோ எட்டு மடங்காகி 53 கிலோவுக்குப் போகும். மூன்று குச்சி ஒட்டினால் 178. அதே இரண்டு குச்சியை ஒட்டாமல், முனையில் மட்டும் பசை தடவிச் சேர்த்து வைத்தால் 6.6 இரண்டு முறை, வெறும் 13. எடை ஒன்றுதான், பலம் நான்கில் ஒன்று. 'ரெட்டைக் குச்சி போட்டோம், ஆனாலும் வளைஞ்சிருச்சு' என்கிற பாலங்களைப் பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் நடுப்பகுதியில் பசையே இருக்காது.

மூட்டின் அடுக்கு

ஒரு மூட்டைப் பக்கத்திலிருந்து கிடைமட்டமாக அறுத்துப் பார்ப்பதாக வைத்துக்கொள்வோம். வெளிப்புறத்திலிருந்து உள்ளே: ஓர் இழுப்புக் குச்சி (2 மி.மீ.), வெளிப் பட்டை (இரண்டு குச்சி ஒட்டியது, 4 மி.மீ.), அமுக்கச் சாய்குச்சி (இரண்டு ஒட்டியது, 4 மி.மீ.), உள் பட்டை (4 மி.மீ.), இன்னோர் இழுப்புக் குச்சி (2 மி.மீ.). மொத்தம் 16 மி.மீ. மேல்சட்டம், கீழ்சட்டம் இரண்டுமே இப்படி 4 மி.மீ. இடைவெளி விட்ட இரண்டு பட்டைகள்.

இவ்வளவு சுற்றி வளைப்பது எதற்கு? சாய்குச்சிகளைச் சட்டத்தின் ஒரே முகத்தில் ஒட்டினால் விசை ஒரு பக்கமாக இழுத்து ஒட்டை உரித்தெடுக்கும். வெள்ளைப் பசை வழுக்கும் விசையை நன்றாகத் தாங்கும், ஆனால் வாழைப்பழத் தோலை உரிக்கிற மாதிரி இழுத்தால் பாதி எடையில்கூட விட்டுவிடும். இரண்டு பக்கமும் சமமாக இருந்தால் உரிப்பதற்கு இடமே இல்லை. அதோடு, நடுவில் சிக்கிய அமுக்கச் சாய்குச்சிக்கு இரண்டு முகத்திலும் ஒட்டு கிடைக்கிறது. இடமும் வலமும் ஒன்றுபோல் இருப்பதால் இரண்டு ட்ரஸ்ஸையும் ஒரே வரைபடத்தின் மேல் கட்டலாம், கண்ணாடிப் பிம்பம் வரையத் தேவையில்லை.

ஒட்டுப் பரப்பையும் பார்த்துவிடுவோம். 10 மி.மீ. பட்டையை 10 மி.மீ. குச்சி 60 பாகையில் கடக்கும்போது 115 சதுர மி.மீ. கிடைக்க வேண்டும். முனை உருண்டையாக இருப்பதால் மூலையில் கொஞ்சம் போய்விடும். ஒரு முகத்துக்கு 1 சதுர செ.மீ. என்று வைத்துக்கொள்வது பத்திரம். அமுக்கச் சாய்குச்சிக்கு இரண்டு முகம், 17.3 கிலோ. இழுப்புக் குச்சிகள் இரண்டு, ஆளுக்கு ஒரு முகம், 8.7 கிலோ. இரண்டு இடத்திலும் சதுர செ.மீ.க்கு 8.7 கிலோவே விழுகிறது. தூசியில்லாமல், அழுத்தி, முழுதாக உலர்ந்த வெள்ளைப் பசை ஒட்டு 30 கிலோவைச் சிரமமில்லாமல் தாங்கும்.

ஒரே ஒரு மூட்டு மட்டும் அடம்பிடிக்கும். கீழே சரியாக நடுவில் இருக்கும் நான்காவது மூட்டில் இரண்டு இழுப்புக் குச்சிகள் ஒரே முகத்தில் வந்து மோதும். மற்ற எல்லா இடத்திலும் ஒன்று அமுக்கம், ஒன்று இழுப்பு என்பதால் மோதல் இல்லை. இங்கே இரண்டின் முனையையும் செங்குத்துக் கோட்டில் வெட்டி முட்டவிட வேண்டும், அப்படிச் செய்தால் ஒட்டுப் பரப்பு பாதியாகிவிடும். பாலத்திலேயே பாரம் தொங்குகிற மூட்டும் இதுதான் என்பதால் அப்படியே விடக் கூடாது. 40 மி.மீ. நீளத் துண்டு ஒன்றைப் பட்டையின் போக்கிலேயே படுக்கையாக, இரண்டு முனைகளையும் மூடும்படி இரு முகத்திலும் ஒட்டுங்கள். இந்த மூட்டின் நடு இடைவெளியில் அமுக்கக் குச்சி எதுவும் வருவதில்லை. அந்தக் காலியிடத்தில் இரண்டு குச்சி கனத்துக்கு ஒரு துண்டைச் செருகி ஒட்டிவிட வேண்டும். மறந்தால் பாரம் ஏறும்போது பட்டைகள் இரண்டும் உள்வாங்கும்.

மூட்டு சின்ன விஷயம் என்று நினைப்பவர்களுக்கு மினியாபொலிஸ் நகரத்து ஐ-35டபிள்யூ பாலம் ஒரு பாடம். 2007 ஆகஸ்ட் 1 அன்று அது மிசிசிப்பி ஆற்றில் விழுந்து 13 பேர் இறந்தார்கள். மூட்டுகளை இணைத்த சில எஃகுத் தகடுகள், இருக்க வேண்டிய கனத்தில் பாதியாக, 12.7 மி.மீ. கனத்தில் வடிவமைக்கப்பட்டிருந்தன.

பட்டை கட்டுதல்

பட்டைக்கான குச்சிகளுக்கு மட்டும் உருண்டை முனைகளை 5 மி.மீ. வெட்டி 104 மி.மீ. ஆக்க வேண்டும். கத்தரிக்கோலால் நறுக்கினால் நார்வழியே பிளக்கும். கட்டரால் இரு பக்கமும் கீறல் போட்டு ஒடிப்பது நல்லது, அல்லது ஹாக்ஸா பிளேடால் பத்துப் பத்தாகக் கட்டி அறுக்கலாம். அறுத்த முனையை உப்புத்தாளில் இரண்டு தேய் தேய்த்து மட்டமாக்குங்கள்.

கீழ்சட்டப் பட்டை 640 மி.மீ. நீளம்: 600 போக இரு முனையிலும் மேசை மேல் உட்கார 20. மேல்சட்டப் பட்டை 520. ஒவ்வொரு பட்டையும் இரண்டு அடுக்கு, செங்கல் சுவர் எழுப்புவதுபோல முட்டு (இரு குச்சி முனைகள் சந்திக்கும் இடம்) மேல் முட்டு வராமல். வெளிப் பட்டையின் முதல் அடுக்கு முழுக் குச்சியில் தொடங்கட்டும், இரண்டாம் அடுக்கு 52 மி.மீ. துண்டில். உள் பட்டையின் அடுக்குகள் 26, 78 மி.மீ. துண்டுகளில் தொடங்கட்டும். இப்படிச் செய்தால் முட்டுகள் 26 மி.மீ.க்கு ஒன்றாகப் பரவும், எந்த இடத்தில் வெட்டிப் பார்த்தாலும் நான்கில் மூன்று குச்சி முழுசாக இருக்கும்.

இழுப்பில் முட்டு எதையும் தாங்காது, பக்கத்துக் குச்சிதான் அந்த இடத்தைத் தாண்டிக் கொண்டுபோகும். நம் கணக்கில் ஒரு பட்டைக்கு 21.7 கிலோ. முட்டு உள்ள இடத்தில் ஒற்றைக் குச்சி அதைத் தாங்க வேண்டும், தாராளமாகத் தாங்கும். அமுக்கத்தில் கதை வேறு. மேல்சட்டத்தில் முட்டும் முனைகள் ஒன்றையொன்று நன்றாகத் தொட வேண்டும். அரை மி.மீ. சந்து இருந்தாலும் அந்த இடத்தில் பட்டை ஒற்றைக் குச்சியாகிவிடுகிறது. நல்ல வெட்டுகளை மேல்சட்டத்துக்கு ஒதுக்கிவிட்டு, சுமாரானதைக் கீழே போடுவது அனுபவக்காரர்கள் வழக்கம்.

மேல்சட்ட நடுக்கட்டத்தில் ஒரு பட்டைக்கு 26 கிலோ, நெளிவு எல்லை 53. இரண்டு மடங்கு பாதுகாப்பு இருக்கிறது, ஆனால் முட்டும் குறைவான ஒட்டும் அதைத் தின்றுவிடும். எனவே ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலும் 20 மி.மீ. நீள, 4 மி.மீ. கன இடைத்துண்டு ஒன்றை இரு பட்டைக்கும் நடுவில் ஒட்ட வேண்டும். பட்டைகள் தனித்தனியாக நெளியாமல் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். எடை மிச்சம் என்று இதைத்தான் முதலில் விட்டுவிடுகிறார்கள். 1907 ஆகஸ்ட் 29 அன்று கட்டுமானத்திலேயே விழுந்து 75 தொழிலாளர்களைக் கொன்ற கியூபெக் பாலத்தில் முறிந்ததும் பல தகடுகளைச் சேர்த்து ஓர் உறுப்பாக்கிய அமுக்கச் சட்டம்தான். தகடுகளைச் சேர்த்துப் பிடித்த குறுக்குப் பின்னல் போதாமல் அது நெளிந்தது.

குச்சித் தேர்வு, பசை, உலர்த்தல்

தேவை 210 குச்சி. 300 வாங்குங்கள். நான்கில் ஒரு பங்கு கழிந்துவிடும். கண்ணாடி மேல் வைத்து, ஆடுவதைத் தள்ளுங்கள். நார்க் கோடுகள் நீளவாக்கில் ஓட வேண்டும், அகலவாக்கில் சாய்ந்து வெளியேறினால் அந்தக் குச்சி அமுக்கத்துக்கு ஆகாது, இடைத்துண்டுக்கு வைத்துக்கொள்ளலாம். வளைத்துப் பார்த்தால் சிலது விறைப்பாகவும் சிலது துவண்டும் இருக்கும். விறைப்பானவை மேல்சட்டத்துக்கும் அமுக்கச் சாய்குச்சிக்கும். சாயம் பூசிய வண்ணக் குச்சி வேண்டாம், பசை மரத்தைப் பிடிக்காமல் சாயத்தைப் பிடிக்கும். தின்று கழுவிய குச்சியும் வேண்டாம், பால் கொழுப்பு நாருக்குள் ஊறியிருக்கும்.

பசைக்கு ஃபெவிகால் வகை வெள்ளைப் பசை, 100 கிராம் டப்பா போதும். ஹாட் குளூ சீக்கிரம் பிடிக்கும், ஆனால் ரப்பர்போல் இருப்பதால் மூட்டு மெல்ல நகரும், மே மாத மதியத்தில் கேட்கவே வேண்டாம். சூப்பர் குளூ இறுகியதும் நொறுங்கும் தன்மை உள்ளது, சின்ன அதிர்விலும் பட்டென்று விடும்.

ஒட்டும் முகத்தை 120 எண் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, ஈரமில்லாத துணியால் தூசியைத் துடைக்க வேண்டும். இரண்டு முகத்திலும் மெல்லிய பூச்சு. இன்னொரு குச்சியின் ஓரத்தால் வழித்தால் சரியான அளவு நிற்கும். கிளிப் போட்டதும் ஓரத்தில் சின்னச் சின்ன முத்தாகப் பசை எட்டிப் பார்த்தால் அளவு சரி. வழிந்து ஓடினால் அதிகம். அதிகப் பசை பலம் தராது, எடையைத்தான் ஏற்றும், நீரைக் குடித்த குச்சியும் கோணிக்கொள்ளும். பட்டைக்கு 40 மி.மீ.க்கு ஒன்று என்று துணிக் கிளிப் மாட்டுங்கள், மூட்டுக்குப் பைண்டர் கிளிப். ஒரு மணி நேரத்தில் கிளிப்பைக் கழற்றலாம். ஆனால் பாரம் ஏற்ற 24 மணி நேரமாவது வேண்டும், மழைக்காலமென்றால் இரண்டு நாள். வெயிலில் வைத்து அவசரப்படுத்தினால் பட்டை வில்லாகிவிடும்.

ட்ரஸ்ஸைச் சேர்த்தல்

முழு அளவில் ஒரு வரைபடம் வரைந்து, மட்டமான பலகையில் ஒட்டி, மேலே பாலிதீன் விரித்துக்கொள்ளுங்கள். மூட்டுகளைக் குறிக்கும்போது ஒவ்வொரு 100ஐயும் தனித்தனியாக அளக்காமல் ஸ்கேலைப் பூஜ்யத்தில் வைத்தபடியே 100, 200, 300 என்று குறிக்க வேண்டும். தனித்தனியாக அளந்தால் தப்பு சேர்ந்துகொண்டே போகும்.

முதலில் இழுப்புக் குச்சிகளை அவற்றின் இடத்தில் படுக்க வையுங்கள். அதன் மேல் வெளிப் பட்டை வரும். இழுப்புக் குச்சி இல்லாத இடங்களில் பட்டை அந்தரத்தில் 2 மி.மீ. தூக்கி நிற்கும், அங்கெல்லாம் ஒட்டாத வெறும் குச்சியை அடிக்கொடுக்க வேண்டும். இந்த அடிக்குச்சியை மறந்தால் செங்கல் ஏற்றும்போது பட்டை தொய்ந்து அப்படியே காய்ந்துவிடும். பிறகு முன்பே இரட்டையாக ஒட்டிக் காய வைத்த அமுக்கச் சாய்குச்சிகள், கூடவே இடைத்துண்டுகள். அதன் மேல் உள் பட்டை. கடைசியாக மேலிருக்கும் இழுப்புக் குச்சிகள். பாலிதீன் சுற்றிய செங்கற்களை மூட்டுகளின் மேல் வைத்து ஒரு ராத்திரி விடுங்கள். சாய்குச்சி சமவரிசையில் நிற்கிறதா என்று செங்கல் வைத்த பிறகும் ஒரு முறை பாருங்கள், ஈரப் பசையில் மெல்ல வழுக்கி நகரும்.

இரண்டாவது ட்ரஸ் காய்ந்ததும் முதலாவதன் மேல் அடுக்கிப் பார்க்க வேண்டும். மூட்டுகள் ஒரு மி.மீ.க்கு மேல் தள்ளிப் போயிருந்தால் பாலம் முறுக்கிக்கொண்டு நிற்கும், நான்கு முனையில் மூன்றுதான் மேசையைத் தொடும். மேசைக்கும் முனைக்கும் நடுவே அட்டையைச் செருகிச் சமாளிப்பது சமாளிப்புதான். தொடாத முனைக்குப் போகாத எடை பக்கத்து ட்ரஸ்ஸுக்குப் போகிறது.

இரண்டையும் இணைத்தல்

இரண்டு ட்ரஸ்களுக்கும் மையத்துக்கு மையம் 80 மி.மீ. அந்த எண்ணையும் குச்சிதான் தருகிறது. மேல்தளத்தில் பெருக்கல் குறிபோல மூலைவிட்டம் போட்டால் 128 மி.மீ. வரும், எட்டாது. மாறாக, ஒரு பக்க மூட்டிலிருந்து எதிர்ப்பக்கக் கட்டத்தின் நடு இடைத்துண்டுக்குக் குச்சி போட்டு, அங்கிருந்து அடுத்த மூட்டுக்குத் திரும்பினால் ஒவ்வொன்றும் 94 மி.மீ. நெளிநெளியாக ஓடும் இந்தப் பின்னலுக்கு மேலே 10 குச்சி, கீழே 12. இதற்கு மேல் ஒவ்வொரு மூட்டிலும் நிமிர்த்தி வைத்த இரட்டைக் குறுக்குச் சட்டம்.

மேல் பின்னல் அலங்காரம் இல்லை. அதை எடுத்துவிட்டால் மேல்சட்டம் 500 மி.மீ. நீளமுள்ள ஒரே தூண். இரண்டு பட்டைகளும் கச்சிதமாகச் சேர்ந்து வேலை செய்தால்கூடப் பக்கவாட்டு நெளிவு எல்லை 55 கிலோவை ஒட்டித்தான் வரும், நமக்கு விழுவது 52. இடைத்துண்டும் சரியில்லை, பட்டைகள் தனித்தனியாக நெளிகின்றன என்றால் எல்லை பட்டைக்கு 2 கிலோவாகச் சுருங்கிவிடும். இரு முனையிலும், முதல் சாய்குச்சிகளுக்கும் மேல் குறுக்குச் சட்டத்துக்கும் நடுவே 50 மி.மீ. முட்டுக்கால் துண்டுகளை மூலைக்கு ஒன்றாக ஒட்டுங்கள். இல்லாவிட்டால் பாலம் முழுவதும் ஒரு பக்கமாகச் சாயும், சீட்டுக்கட்டு மாதிரி.

நடுக் குறுக்குச் சட்டத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். போட்டியில் கொக்கி அந்தச் சட்டத்தின் நடுவில் மாட்டப்படும் என்றால், 60 கிலோவும் 80 மி.மீ. நீளத்தில் வளைத்து உடைக்கப் பார்க்கும். நிமிர்த்தி வைத்த இரட்டைக் குச்சியில் சதுர மி.மீ.க்கு 18 கிலோ தகைவு (மரத்துக்குள் பரப்புக்கு இவ்வளவு என்று விழும் விசை) வரும். பிர்ச் மரம் முறிவதே 10 கிலோவை ஒட்டி. அதாவது பாலம் முழுசாக நிற்க, 35 கிலோ ஏறும் முன் குறுக்குச் சட்டம் மட்டும் முறிந்து கொக்கி கீழே விழும். ஆறு குச்சியைச் சேர்த்து ஒட்டினால் தகைவு 6 கிலோவுக்கு இறங்கும். அந்த நான்கு குச்சி கூடுதல் எடையைவிட மலிவான பாதுகாப்பு இந்தப் பாலத்தில் வேறு இல்லை.

பாரம் ஏற்றுதல்

மேசை விளிம்பு முனை மூட்டுக்கு நேர் கீழே வர வேண்டும். பாரம் நான்காவது மூட்டில் மட்டும். கொக்கிக் கம்பி 50 மி.மீ. தள்ளி, இரண்டு மூட்டுக்கு நடுவில் கீழ்சட்டத்தின் மேல் உட்கார்ந்துவிட்டால் சட்டம் இழுப்போடு வளைவையும் சேர்த்துத் தாங்க வேண்டிவரும். அந்த வளைவுத் தகைவு மட்டும் சதுர மி.மீ.க்கு 5 கிலோவைத் தாண்டும். முட்டு உள்ள இடமாகப் பார்த்துப் பிளக்கும்.

வாளியில் மணலை 5 கிலோ, 5 கிலோவாகப் போட்டு, ஒவ்வொரு தடவையும் ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும். வாளிக்கும் தரைக்கும் ஒரு சாண் இடைவெளி போதும், கீழே பழைய மெத்தையோ பஞ்சோ. கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள், குச்சி சில்லு கண்ணை நோக்கித்தான் பறக்கும். ஒருவர் பாலத்தின் முனையில் குனிந்து மேல்சட்டத்தை நீளவாக்கில் பார்த்துக்கொண்டே இருக்கட்டும். நேர்கோடு பாம்பாகத் தொடங்குவது கண்ணுக்குத் தெரியும், ஓசை அதற்குப் பிறகுதான் வரும். முதல் 10 கிலோவுக்குள் கேட்கும் 'டிக்' சத்தங்கள் பெரும்பாலும் வழிந்து காய்ந்த பசைப் பொருக்கு விடுவது. 40க்கு மேல் கேட்டால் மூட்டைப் பாருங்கள்.

உடைந்த பிறகு துண்டுகளை வாரிக் குப்பையில் போடுவதற்கு முன் மூட்டு முகங்களைத் திருப்பிப் பார்க்க வேண்டும். பளபளவென்று மழமழப்பாக இருந்தால் பசை மரத்தைப் பிடிக்கவேயில்லை: தூசி, எண்ணெய்ப் பிசுக்கு, அல்லது பூசிவிட்டு நேரம் கழித்து ஒட்டியது. ஒரு முகத்தில் மட்டும் பசை இருந்தால் ஒரு முகத்தில்தான் பூசியிருக்கிறார்கள். மர நார் பிய்ந்து எதிர்முகத்தில் ஒட்டியிருந்தால் ஒட்டில் குறையில்லை, பரப்புதான் போதவில்லை. மேல்சட்டம் கட்டத்தின் நடுவில் முறிந்திருந்தால் இடைத்துண்டு விட்டிருக்கும். மூட்டுகளே வரிசை மாறி ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தால் பின்னல் விட்டிருக்கும். எல்லாமே சேர்ந்து நொறுங்கியிருக்கும்போது எது முதலில் போனது என்று தெரியாது, அதற்காகத்தான் எதிரில் ஒரு கைபேசியை வீடியோவில் வைத்துவிடுவது.

60 கிலோ ஏறியும் நின்றுவிட்டால் அடுத்த பாலத்தில் எடையைக் குறைக்கலாம். கை வைக்க வேண்டிய இடம் கீழ்சட்டத்தின் இரு முனைக் கட்டங்கள். அங்கே இழுப்பு வெறும் 8.7 கிலோ, அதைத் தாங்க நான்கு குச்சி நிற்கிறது. அந்தக் கட்டத்தில் முட்டு விழாமல் வரிசையை மாற்றி, பட்டைக்கு ஓர் அடுக்கைக் குறைத்தால் பாலம் முழுவதற்கும் எட்டுக் குச்சி, சுமார் 10 கிராம் மிச்சம். அமுக்கச் சாய்குச்சியை ஒற்றையாக்கும் ஆசை மட்டும் வேண்டாம், 17.3க்கு எதிரே நிற்பது 6.6.